காரணம் சொல்லாத சந்திரன்: ‘ஸ்பேஸ்: 1999’ தொடரின் எழுத்தும் அதன் ரசனையும்

வினா

1975ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஸ்பேஸ்: 1999’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரைப் பற்றிய அபிப்பிராயங்களை ஒருசேர வைத்துப் பார்ப்பவருக்கு, அதனைக் கண்டித்தவர்களும் அதனை நேசித்தவர்களும் அதன் குறைகளைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் ஒத்த கருத்துடையவர்களாகவே இருக்கிறார்கள் என்பது விரைவில் புலப்படும். கதை காரணகாரியத் தொடர்பின்றி நகர்கிறது என்றும், பாத்திரங்கள் உயிர்த்துடிப்பின்றிப் பேசுகிறார்கள் என்றும், விஞ்ஞானம் பள்ளி மாணவனும் ஏற்காத நிலையில் இருக்கிறது என்றும் முன்னவர்கள் சொன்னார்கள். பின்னவர்களோ, இவற்றுள் எதனையும் பெரிதாக மறுக்காமலே, அரை நூற்றாண்டாக அத்தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறார்கள். நானும் பின்னவர்களைச் சேர்ந்தவனே.

ஒரு படைப்பின் எழுத்து பலவீனமானது என்று மனமார ஒப்புக்கொண்ட பின்பும் அதனை ரசிக்க முடிவது எவ்வாறு? எழுத்து மோசம், ஆனாலும் பிடிக்கிறது என்று சொல்லும்போது, மோசமான எழுத்தும் பிடித்த அம்சமும் வெவ்வேறாகப் பிரித்தெடுக்கத் தக்கவை என்று நாம் கொள்கிறோம். அப்படிக் கொள்வது சரிதானா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. இத்தொடரைச் சான்றாக எடுத்துக்கொள்வதற்கு விசேஷமான காரணம் ஒன்று உண்டு. முதற்பருவக் கதைகளின் குறைகளைக் களைய வேண்டும் என்ற நோக்கத்துடன் இரண்டாம் பருவத்துக்குப் புதிய தயாரிப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டு, அதே தலைமை நடிகர்களையும் அதே விண்கலங்களையும் அதே சந்திரனையும் வைத்துக்கொண்டே கதை சொல்லும் முறை வேறாக்கப்பட்டது. ரசனை பற்றிய ஆராய்ச்சியில் இத்தகைய ஒப்பீட்டுக்கு வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

தொடரும் அதன் குறைகளும்

‘தண்டர்பேர்ட்ஸ்’ முதலிய பொம்மலாட்டத் தொடர்களால் புகழ்பெற்றிருந்த ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியர், லூ கிரேடின் ஐடிசி நிறுவனத்துக்காக பைன்வுட் ஸ்டூடியோவில் உருவாக்கிய இத்தொடர், பருவத்துக்கு 24 கதைகளாக இரு பருவங்களில் 48 கதைகள் வெளிவந்து 1977இல் முடிவுற்றது. 1999 செப்டம்பர் 13 அன்று சந்திரனில் சேமித்து வைக்கப்பட்டிருந்த அணுக்கழிவு வெடித்து, அந்த வேகத்தில் சந்திரன் தன் பாதையை விட்டு விண்வெளியில் வீசியெறியப்பட, அங்கே ‘மூன்பேஸ் ஆல்ஃபா’ என்னும் தளத்தில் இருந்த 311 பேர் திரும்பும் வழியின்றி அதனோடு செல்கிறார்கள் என்பதே ஆதாரக் கதை. தளபதி ஜான் கோனிக்காக மார்ட்டின் லாண்டோவும், மருத்துவர் ஹெலனா ரஸ்ஸலாக, அப்போது அவர் மனைவியாயிருந்த பார்பரா பெய்னும், பேராசிரியர் விக்டர் பெர்க்மனாக பாரி மோர்ஸும் நடித்தார்கள்.

இந்த ஆதாரக் கதை பௌதிக சாஸ்திரத்துக்கு எவ்வளவு தூரம் முரணானது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. சந்திரனைப் பூமியின் ஈர்ப்பிலிருந்து முற்றிலும் விடுவிக்க வேண்டிய ஆற்றல், சூரியன் ஏறத்தாழ 100 விநாடிகளில் எல்லாத் திசைகளிலும் வெளிவிடும் மொத்த ஆற்றலுக்குச் சமம். 1961இல் சோவியத் யூனியன் வெடித்த, இதுவரை வெடிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியதான அணுகுண்டைப் போல் சுமார் 18,000 கோடி குண்டுகள் அதற்குத் தேவைப்படும். அத்தகைய வெடிப்பு சந்திரனை நகர்த்துவதற்கு முன் சிதைத்துவிடும் என்பதையும், தப்பிப் பிழைத்தாலும் அடுத்த நட்சத்திரத்தை அடைய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதையும் ஐசக் அசிமோவ் 1975இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எடுத்துக்காட்டினார். விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்திலேயே சென்றாலும், 4.2 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மிக அண்மை நட்சத்திரத்தைச் சேர 70,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஆல்ஃபாவாசிகளோ வாரம் ஒரு புதிய உலகைச் சந்திக்கிறார்கள். அதே அசிமோவ், சந்திரனின் குறைந்த ஈர்ப்பில் மனிதர் நடமாடுவதைக் காட்டிய விதத்தையும் தளத்தின் தோற்றத்தையும் பாராட்டினார் என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது.

ஆயினும், நடக்கவே முடியாத ஓர் ஆதாரத்தின்மீது கதையை எழுப்புவது தன்னளவில் பலவீனமான எழுத்தாகாது. நம்பத் தகாத சாத்தியத்தைவிட நம்பத் தகுந்த அசாத்தியமே கவிஞனுக்கு உகந்தது என்று அரிஸ்டாட்டில் வகுத்த நெறியை ஏற்போமானால், சந்திரன் புறப்பட்டுவிட்டது என்ற முதற் பொய்யை ஒருமுறை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதவை அப்பொய்க்குள்ளே நிகழும் பொய்கள். ‘பிளாக் ஸன்’ என்னும் கதையில், சந்திரன் ஒரு கருந்துளையை நோக்கி இழுக்கப்படும்போது, சிலரேனும் பிழைக்கட்டும் என்று ஹெலனா உட்பட ஆறு பேர் ஒரு கலத்தில் எதிர்த்திசையில் அனுப்பப்படுகிறார்கள். பிரபஞ்சத்தின் மறுகோடியில் சந்திரன் வெளிப்பட்ட பின், அக்கலம் எவ்வித விளக்கமுமின்றித் திரும்பி வந்து சேர்கிறது. ‘வார் கேம்ஸ்’ கதையில் தளம் அழிந்து பலர் மாண்டபின், அவையெல்லாம் நிகழவேயில்லை என்று கதை தொடங்கிய இடத்துக்கே நாம் திருப்பி அனுப்பப்படுகிறோம். விண்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கியும், தொழிற்சாலை ஏதுமில்லாத அத்தளத்தில் அவற்றின் தொகை குறைவதாகத் தெரியவில்லை. பாத்திரங்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். கோனிக்குக்கும் ஹெலனாவுக்கும் இடையே அன்பு இருப்பதை நாம் ஊகித்தறிகிறோமேயன்றி, அதனை நிலைநாட்டும் உரையாடலை எழுத்தாளர்கள் அரிதாகவே எழுதினார்கள். இவை மெய்யான குறைகள். இவற்றை நியாயப்படுத்த நான் முயலவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள்

இத்தகைய ரசனைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கங்களுள், பால்ய நினைவின் இனிமை என்பதை விரைவில் கடந்துவிடலாம். சிறுவயதில் கண்டதெல்லாம் இனிக்கும் என்றால் இரு பருவங்களும் ஒன்றுபோலவே இனித்திருக்க வேண்டும். அவ்விரண்டையும் ஒரே வயதில் கண்டவர்களும் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து வாதாடி வருவதால், நினைவின் இனிமைக்கு அப்பாலும் ஏதோ ஒன்று செயல்படுகிறது என்றே கொள்ள வேண்டும்.

சூசன் சாண்டாக் 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விவரித்த ரசனை முறை இன்னொரு விளக்கத்துக்கு வழிவகுக்கும். மிகுந்த தீவிரத்துடன் முயன்று தோற்ற படைப்பை, அத்தோல்வியின் பொருட்டே விரும்பி மகிழ்வது அம்முறை. இரண்டாம் பருவத்தின் சில கதைகளுக்கு இது பொருந்தக்கூடும். ஆனால், சாவு நிச்சயம் என்றறிந்த கோனிக்கும் பெர்க்மனும் நெடுநாள் காத்து வைத்திருந்த பிராந்தியைப் பகிர்ந்துகொண்டு, இத்தனை ஆபத்துகளுக்கும் நாம் தப்பியது தற்செயல்தானா என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் ‘பிளாக் ஸன்’ காட்சியில், பார்ப்பவன் அவர்களுக்கு மேலே நின்று நகைக்கும் நிலையில் இல்லை. அவர்கள் அருகிலேயே அமர்ந்திருக்கிறான். கதையின் குறையை அறிந்திருப்பதும் அதனிடம் மனத்தை ஒப்படைப்பதும் ஒரே சமயத்தில் நிகழக் கூடியவை என்பதை அவ்விளக்கம் கணக்கில் கொள்வதில்லை.

இவற்றினும் வலிமையானது, எழுத்து கைவிட்ட இடத்தில் காட்சி காப்பாற்றியது என்னும் கூற்று. இதனைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டும். ஏனெனில் இத்தொடரின் காட்சிச் சிறப்பு சாதாரணமானதன்று. குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ திரைப்படத்தில் பணியாற்றியவரும், பின்னாளில் ‘ஏலியன்’ படத்துக்காக ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டவருமான பிரையன் ஜான்சன், தந்திரக் காட்சிகளை பிரே ஸ்டூடியோவில் படமாக்கினார். தனித்தனியே எடுத்த படங்களைப் பின்னர் ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக இணைத்தால் ஒவ்வொரு பிரதிக்கும் படத்தின் துல்லியம் குன்றும் என்பதால், ஒரே படச்சுருளைக் காமிராவிலேயே பின்னோக்கிச் சுற்றி, கறுப்புப் பின்னணிமுன் விண்கலத்தை ஒரு முறையும், நட்சத்திரங்களை ஒரு முறையும், கிரகத்தை மற்றொரு முறையும் பதிவுசெய்யும் முறையை அவர் பெரிதும் கையாண்டார். சட்டக எண்ணிக்கையில் ஒரு பிழை நேர்ந்தாலும் முழு உழைப்பும் வீணாகும் அம்முறையில்தான், இன்றும் கண்ணை உறுத்தாத அந்தத் தெளிவு கிட்டியது. ‘ஈகிள்’ என்னும் விண்கலத்தின் வடிவமும் அவருடையதே. காற்றைக் கிழிக்க வேண்டிய அவசியமில்லாத வெளியில் பறப்பதற்கென்று வெளித்தெரியும் இரும்புச் சட்டமும், வேண்டும்போது கழற்றி மாட்டத்தக்க நடுக்கூடும், நான்கு கால்களுமாக அமைந்த அக்கலம், அழகாய்த் தோன்றுவதற்காகச் செய்யப்பட்டதென்று எவரும் எண்ணாத காரணத்தாலேயே அழகாய்த் தோன்றுகிறது. அதன் மாதிரிகளுள் மிகப் பெரியது 44 அங்குல நீளமே. கீத் வில்சன் நிர்மாணித்த வெண்மையான அரங்குகளும், பாரி கிரேயின் வாத்திய இசையும் இவற்றோடு சேர்ந்தன.

நாடகத்தின் ஆறு உறுப்புகளுள் காட்சியைக் கவிஞனின் கலைக்கு மிகவும் தொலைவானதாகக் கருதிய அரிஸ்டாட்டில், கதையமைப்பையே நாடகத்தின் உயிர் என்றார். இத்தொடரின் ரசிகர்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கி விட்டார்கள் என்று சொல்லிக் கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. இரண்டாம் பருவத்திலும் அதே ஈகிள்கள் பறந்தன. தந்திரக் காட்சிகள் அதே ஜான்சனின் பொறுப்பில்தான் இருந்தன. காட்சி மட்டுமே ரசனைக்கு ஆதாரமாயிருந்தால், இரு பருவங்களும் நம்மிடம் எழுப்பும் உணர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை.

மருட்கையும் அறிவும்

கதையுலகு நம்பத்தக்கதாய் இருக்கும்வரை அவநம்பிக்கையை ஒத்திவைக்கும் முயற்சியே வாசகனுக்குத் தேவையில்லை என்றும், கலை தவறிய பிறகுதான் அம்முயற்சி வேண்டியிருக்கிறது என்றும், தேவதைக் கதைகளைப் பற்றி 1939இல் ஆற்றிய சொற்பொழிவில் டோல்கீன் வாதிட்டார். அவநம்பிக்கையை விரும்பி ஒத்திவைத்தல் என்னும் கோல்ரிட்ஜின் புகழ்பெற்ற கருத்துக்கு அவர் செய்த திருத்தம் இது. அவர் கூற்றின்படி பார்த்தால், ஓயாது தவறும் இத்தொடரைக் காண்பவன் ஓயாது தன்னைத்தானே வற்புறுத்திக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். என் அனுபவம் அவ்வாறன்று. ‘பிளாக் ஸன்’ போன்ற கதைகளில் அறிவு தன் ஆட்சேபங்களைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டே இருக்க, உணர்ச்சி அவற்றால் கலையாமல் நிற்கிறது.

இந்நிலையை விளக்குவதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எனக்கு மேற்கண்ட ஐரோப்பிய நூல்களினும் பயன்படுகிறது. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய மருட்கை, அதாவது வியப்பு, புதுமையிலும், பெருமையிலும், சிறுமையிலும், ஒன்று மற்றொன்றாய் மாறுவதிலும் பிறக்கும் என்று கூறும் அந்நூல், அறிவு நிரம்பப் பற்றிக்கொள்ள இயலாத நிலையையும் அதன் இயல்பாகச் சேர்த்துச் சொல்கிறது. ஒரு பொருள் முழுவதும் விளங்கிவிட்டால் அதனைப் பற்றிய வியப்பு தொடர்வது அரிது என்பதை நாம் அறிவோம். அதனை அம்மெய்ப்பாட்டின் இலக்கணத்திலேயே இடம்பெறச் செய்திருப்பதுதான் இங்கு முக்கியம். அப்படியானால், மருட்கையையே முதன்மைச் சுவையாகக் கொண்ட ஒரு படைப்பில், விளக்கமின்மை என்பது எப்போதும் குறையாகவே இருக்க வேண்டியதில்லை.

முதற்பருவத்துக் கதைகளை மேற்பார்த்தவர்களுள் முக்கியமானவர்களாகிய கிறிஸ்டோபர் பென்ஃபோல்டும் ஜானி பர்னும் இதனை அரைகுறையாகவேனும் உணர்ந்திருந்தார்கள். பர்ன் இத்தொடரை வேரற்றுப் போன ஓர் இனத்தின் தோற்றப் புராணமாகவே கருதினார். அவர் எழுதிய ‘தி டெஸ்டமென்ட் ஆஃப் ஆர்க்கேடியா’ கதையில், ஓடிக்கொண்டிருந்த சந்திரன் காரணமேதுமின்றி ஓர் உலகின் அருகே நின்றுவிடுகிறது. இறங்கிப் பார்த்தவர்கள் ஒரு குகையில் எலும்புக் கூடுகளையும், சுவரில் சம்ஸ்கிருத எழுத்துகளையும் காண்கிறார்கள். பூமியின் உயிர்கள் அங்கிருந்தே வந்தன என்று தெரியவருகிறது. இருவர் மட்டும், எவருடைய கட்டளைக்கும் பணியாமல், அவ்வுலகை மீண்டும் உயிர்ப்பிக்க விதைகளோடு அங்கே தங்கிவிடுகிறார்கள். ஓடும் சந்திரனை நிறுத்தியது எது என்று கேட்டால் இக்கதையில் பதில் இல்லை. சந்திரன் நின்றதற்கு ஒரு பௌதிகக் காரணத்தை எழுத்தாளர் கண்டுபிடித்துத் தந்திருந்தால் கதை திருந்தியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த இருவரும் ஏன் அங்கே தங்கத் துணிந்தார்கள் என்பதை இன்னும் ஆழமாக எழுதியிருந்தால் நிச்சயமாகத் திருந்தியிருக்கும்.

நடிப்பின் இறுக்கத்தைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். விமர்சகர்கள் கண்டித்த அந்த இறுக்கம், பெரிய சாளரங்களுக்கு அப்பால் இருள் விரிந்த, அளவுக்கு மீறி அகன்ற அந்த வெண்ணிற மண்டபத்தில், பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் வேலையைச் செய்யும் மனிதரின் நடத்தையாகவே எனக்குப் படுகிறது. இது முழுவதும் திட்டமிட்டு நேர்ந்ததென்று நான் சாதிக்க மாட்டேன். உரையாடலின் வறட்சி நடிகர்களுக்கு வேறு வழி விடவில்லை என்பதே உண்மைக்கு அருகில் இருக்கலாம்.

இரண்டாம் பருவம் தரும் சாட்சியம்

அமெரிக்காவின் மூன்று பெரிய ஒளிபரப்பு வலையமைப்புகளும் முதற்பருவத்தை ஏற்காமையால், தொடர் அங்கே தனித்தனி நிலையங்களுக்கு விற்கப்பட்டிருந்தது. அமெரிக்க நேயர்களுக்கு உகந்ததாக அதனைச் சீர்செய்யும் பொறுப்பு, 1968–69இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் மூன்றாம் பருவத்தைத் தயாரித்த ஃபிரெட் ஃபிரைபெர்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கண்டறிந்த குறைகள் கற்பனையானவை அல்ல. பாத்திரங்களிடம் அன்பும் நகைப்பும் வேண்டும் என்றார், அவை வந்தன. உருமாறும் ஆற்றலுள்ள மாயா என்னும் வேற்றுலகப் பெண் சேர்க்கப்பட்டாள். கேத்தரின் ஷெல் நடித்த அப்பாத்திரம், முதற்பருவத்தின் துணைப் பாத்திரங்கள் எதனினும் தெளிவாக எழுதப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. இரண்டாம் பருவத்தை விரும்புவோர் முதலில் அவள் பெயரைச் சொல்வதும் நியாயமே. அகன்ற மண்டபம் நீங்கிச் சிறிய கட்டுப்பாட்டு அறை வந்தது. பாரி கிரேயின் இடத்தில் டெரெக் வாட்ஸ்வொர்த் இசையமைத்தார். பேராசிரியர் பெர்க்மன் என்ன ஆனார் என்று திரையில் ஒரு வார்த்தையும் சொல்லப்படாமலே மறைந்தார்.

இவ்வளவுக்கும் பின் எழுத்து உயர்ந்ததா? ஃபிரைபெர்கரே புனைபெயரில் எழுதிய ‘தி ரூல்ஸ் ஆஃப் லூட்டன்’ கதையில், ஒரு பூவையும் கனியையும் பறித்த குற்றத்துக்காக மாயாவையும் கோனிக்கையும் மரங்கள் விசாரித்து, வேற்றுலகத்தார் மூவரோடு போரிடும்படி தண்டிக்கின்றன. முதற்பருவத்தில் கண்ட எந்த அபத்தத்துக்கும் இது குறைந்ததன்று. வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. இங்கே மரங்கள் யாவரென்றும், அவை ஏன் கோபங்கொண்டன என்றும், தண்டனை எதுவென்றும் எல்லாம் வாய்விட்டுச் சொல்லப்பட்டுவிடுகின்றன. எதிரி யார், அவன் வேண்டுவது என்ன, அவனை வெல்வது எப்படி என்னும் மூன்று வினாக்களுக்கும் 50 நிமிடத்துக்குள் விடை கிடைத்துவிடும் முறையில் அப்பருவத்துக் கதைகளுள் பெரும்பாலானவை அமைந்துள்ளன. காரணகாரியத் தொடர்பு வந்தது. அக்காரணங்கள் அற்பமானவையாக இருந்தமையால், முன்பு அறியாமையின் பெருமையில் மறைந்திருந்த எழுத்தின் வறுமை இப்போது வெளிப்பட்டுவிட்டது. முதற்பருவத்தின் பிழைகளை மன்னித்த அதே மனம் இரண்டாவதன் பிழைகளை மன்னிக்கத் தயங்குவதற்கு இதையே நான் காரணமாகக் கொள்கிறேன்.

இசையும் அரங்கமும் மாறியதை மறந்து எல்லாவற்றையும் எழுத்தின் கணக்கிலேயே எழுதுவது நேர்மையாகாது என்ற ஆட்சேபம் எழலாம். அது நியாயமான ஆட்சேபம். ஆனால் சிறிய அறையும் விரைந்த இசையும், விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்ற அதே தீர்மானத்தின் விளைவுகளே என்பதால், அவற்றை எழுத்தினின்றும் முற்றிலும் பிரித்துக் கணக்கிடவும் இயலாது. எழுத்து மோசம், காட்சி நன்று என்னும் பிரிவினை முதற்பருவத்துக்கும் பொருந்தாதது இதனால்தான்.

கதைக்குள் வரும் அந்தத் தேதி 1999இல் மெய்யாகவே வந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸில் கூடிய ரசிகர்களுக்காக பர்ன் எழுதிய ஒரு குறும்படம் காட்டப்பட்டது. முதற்பருவத்திலேயே நடித்திருந்த ஸீனியா மெர்ட்டன், ஆல்ஃபாவிலிருந்து பூமிக்கு அனுப்பப்படும் இறுதிச் செய்தியை அதில் பேசினார். நேயர்கள் இருபதாண்டுகளுக்கு மேலாக எதிர்பார்த்திருந்தது அம்மக்கள் என்ன ஆனார்கள் என்பதற்கான விடையையே; சந்திரன் எவ்வாறு அவ்வளவு வேகம் கொண்டது என்பதற்கான விடையை அன்று.

ஒரு விதிவிலக்கு

இவ்வாறெல்லாம் சொல்வதால் பலவீனமான எழுத்தே மருட்கைக்கு ஆதாரம் என்று முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். அப்படி முடிவுகட்ட முற்படுவோரைத் தடுக்க முதற்பருவத்திலேயே ஒரு கதை இருக்கிறது. பென்ஃபோல்ட் எழுதி, ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ திரைப்படத்தின் இயக்குநர் சார்ல்ஸ் கிரைட்டன் இயக்கிய ‘டிராகன்ஸ் டொமைன்’ அது. சந்திரன் புறப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், தொலைவிலுள்ள ஓர் உலகை நோக்கிச் சென்ற கலத்தின் தலைவன் டோனி செல்லினி, கைவிடப்பட்ட விண்கலங்களின் நடுவே ஒரு பயங்கர ஜந்துவைக் கண்டு, தோழர் மூவரையும் அதற்குப் பலிகொடுத்துத் தனியனாய்த் திரும்பினான். கருவிகள் எதுவும் அங்கே உயிர் இருந்ததாகப் பதிவுசெய்யவில்லை. ஆகையால் அவனை எவரும் நம்பவில்லை. கோனிக்கும் பெர்க்மனும் அவன் பக்கம் நின்றதால் அவர்களுக்கும் மேலிடத்தின் அதிருப்தி நேர்ந்தது. ஹெலனா ஒரு மருத்துவரின் நியாயமான சந்தேகத்தோடு அவனைப் பார்த்தாள். பின்னர், சந்திரனின் பாதையில் அதே கலங்களின் கூட்டம் மீண்டும் எதிர்ப்படுகிறது.

அந்த ஜந்து எது, எங்கிருந்து வந்தது, கருவிகளுக்கு ஏன் புலப்படவில்லை, எவ்வாறு அங்கே மறுபடியும் வந்து சேர்ந்தது என்பவற்றுள் ஒன்றுக்கும் இக்கதை விடை தரவில்லை. மனிதரின் பக்கத்திலோ எதுவும் விளக்கப்படாமல் விடப்படவில்லை. செல்லினியின் அவமானம் எங்கிருந்து தொடங்கிற்று, அது அவனை எவ்வாறு அரித்தது, கோனிக்கின் விசுவாசத்துக்கு அவர் கொடுத்த விலை என்ன, ஹெலனாவின் சந்தேகம் எந்த அளவுக்கு நேர்மையானது என்பவையெல்லாம் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பதாகக் கோக்கப்பட்டிருக்கின்றன; நடந்ததை ஹெலனாவே குறிப்பாக எழுதுவதாகக் கதை சொல்லப்படுவதால், நம்ப மறுத்த ஒருத்தியின் சாட்சியமாகவும் அது நின்றுவிடுகிறது. பிரபஞ்சத்தைப் பற்றிய காரணங்களைச் சொல்லாமல் விட்டும், மனிதரைப் பற்றிய காரணங்களை ஒன்றுவிடாமல் சொல்லியும் எழுத முடியும் என்பதற்கு இக்கதை சான்று. மற்றக் கதைகளுள் பலவற்றில் எழுத்தாளர்கள் முதற் பாதியை மட்டும் சாதித்தார்கள். நான் அவற்றை இன்னும் பார்ப்பது அந்தப் பாதியின் பொருட்டே. இரண்டாம் பாதி இல்லாத குறையை ஒவ்வொரு முறையும் உணர்ந்துகொண்டேதான் பார்க்கிறேன்.